கம்பளி போர்த்திய பனிக்கட்டி

ஜூலை 4

உலகெங்கும் பரவி வாழும் என் ஒரே அக்காவுக்கு,

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறேன். நம் வீட்டுச் சமையலறைக் குழாய், நீண்ட காலம் சொட்டிய பின், நேற்று மாலை தன் கடைசிச் சொட்டை விட்டு ஓய்ந்தது. இறுதி நேரத்தில் உடனிருந்தவர் பிளம்பர். அவர் ஆற்றிய இரங்கல் உரை முழுமையாக: "வாஷர் போயிடுச்சு, வேற ஒண்ணுமில்ல." குழாயைப் பிரிந்து வாடும் வாளிக்கு ஆறுதல் சொல்ல விரும்புவோர் வீட்டு முகவரிக்கு எழுதலாம்.

நீ வேலை கிடைத்து ஊர் மாறிய பிறகு இங்கே நடந்த பெரிய செய்தி இதுதான். வீடு அவ்வளவு அமைதி. அமைதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் போன் அப்பாவின் பீரோவில் சிறையில் இருக்கிறது. குற்றம்: அப்பாவின் போனில் இருந்த எல்லாப் பெயர்களையும் 'அம்மா' என்று மாற்றியது. ஆபீஸ் மேனேஜர் கூப்பிட்டபோது அப்பா, "வர்றப்ப வாங்கிட்டு வரேன்னு சொன்னேன்ல, எத்தனை தடவைம்மா கேப்பே?" என்று எரிந்து விழுந்திருக்கிறார். தண்டனை: பரீட்சை முடியும்வரை. ஆகவே இனி கடிதம்தான். அம்மாவின் போனில் பேசலாமென்றால், என் முறை வருவதற்குள் அதன் சார்ஜும் தீர்கிறது, உன் பொறுமையும் தீர்கிறது.

படிப்பைப் பற்றிக் கேட்பாய். கேள். அறிவியலில் எனக்கு நிகர் நானே. வகுப்பில் என்னை 'நடமாடும் ஆய்வகம்' என்கிறார்கள். (அப்படிச் சொல்லும்படி கேட்டுக்கொண்டது நான்தான். ஆனாலும் சொல்கிறார்கள் அல்லவா?) நீ புது டீச்சர். தடுமாற்றம் இருக்கும். சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் எழுதிக் கேள்.

இப்படிக்கு,
சொட்டாத வீட்டின் இளவரசன்

—

ஜூலை 9

டேய் வாலு,

அப்பா பாவம்டா. நான் சிரித்ததை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே.

சந்தேகம் வந்தால் கேள் என்றாயே, கேட்கிறேன்.

இங்கே வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் நாங்கள் மூன்று பேர் ஆய்வகத்தில் உட்காருகிறோம்: நான், உயிரியல் மிஸ், இயற்பியல் சார். சாருக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் தராசு. ஒரு சொல்லைக்கூட நிறுத்துப் பார்த்துத்தான் வாயிலிருந்து விடுவார். ஒரு பாடத்தைத் தொடங்கும் முன் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கொடுக்கிறோம். மார்க் கிடையாது. பெயர் எழுத வேண்டாம். விடையும், ஏன் அப்படி நினைக்கிறாய் என்பதும் மட்டும். பிறகு அந்தச் சீட்டுகளை மேஜையில் பரப்புவோம். சரி, தப்பு என்று பிரிக்க மாட்டோம். யார் எப்படி யோசித்திருக்கிறார்கள் என்று பார்த்து, யோசனைக்கு ஒரு குவியலாகப் பிரிப்போம். அதைப் பார்த்த பிறகுதான் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது என்று முடிவு. இதற்கு வளரறி மதிப்பீடு என்று பெயர்.

என் சிக்கல், என் வகுப்பு எழுத மாட்டேன் என்கிறது. தப்பாக எழுதினால் புது மிஸ் என்ன நினைப்பாரோ என்று பயம். பாதிச் சீட்டு வெற்றுத் தாள், மீதி பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதியது. ஜன்னல் ஓரத்தில் ஒரு பெண் இருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் சீட்டை நான்காக மடித்து, உள்ளே ஒன்றுமே எழுதாமல் கொடுப்பாள். இவர்கள் மனதில் என்ன ஓடுகிறதென்றே தெரியாமல் தினமும் பேசிவிட்டு வருகிறேன்.

தராசு சார் ஒரு வழி சொன்னார். வேறு பள்ளிப் பிள்ளைகள் நிஜமாகவே நினைப்பதை, அவர்கள் பேசுகிற மாதிரியே நான்கைந்து விடைகளாகக் கொடுத்துவிடலாம். 'அட, நம்மள மாதிரி இன்னொருத்தன் இருக்கான்' என்று தெரிந்தால் பயமில்லாமல் டிக் அடிப்பார்கள். யாரிடம் வாங்குவது என்ற பேச்சு வந்தபோது, என் தம்பி இருக்கிறான் என்றேன்.

கேள்வி இதுதான். ஒரே அளவில் இரண்டு பனிக்கட்டி. ஒன்றைத் தட்டில் சும்மா வைக்கிறோம். இன்னொன்றைக் கம்பளிப் போர்வையில் நன்றாகச் சுற்றி வைக்கிறோம். எது முதலில் உருகும்? ஏன்?

உன் வகுப்பில் எல்லோரிடமும் கேட்டு, தப்பான விடைகளை அவர்கள் சொன்னபடியே எழுதி அனுப்பு. சரியான விடையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாதக் கடைசியில் தலைமையாசிரியை என் வகுப்பில் வந்து உட்காரப் போகிறார். அவருக்கு இதில் பயன் தெரிந்தால் வெள்ளிக்கிழமைக் கூட்டம் தொடரும். இல்லையென்றால் அந்த நேரமும் தேர்வுப் பயிற்சிக்குப் போய்விடும். விளையாடாதேடா.

அக்கா

—

ஜூலை 13

பிறர் பிழையில் பிழைக்கும் அக்காவே,

வளரறி மதிப்பீடாம்! நான் எத்தனையோ மதிப்பீடு எழுதிவிட்டேன், ஐந்தடிக்கு மேல் ஒரு விரற்கடைகூட வளரவில்லை. மார்க் இல்லாத பரீட்சை என்றால் ஒன்று சொல்கிறேன், அதில் எனக்கு எப்போதும் முழு மார்க்.

இதெல்லாம் ஒரு கேள்வியா? குழந்தைகூடச் சொல்லுமே. இருந்தாலும் உனக்காக வகுப்பு முழுக்க அலைந்து கேட்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தப்புகளைப் பொறுக்கினேன். இதோ அறுவடை.

"போர்வைக்குள்ள ஐஸுக்கு மூச்சு முட்டும். அழுதழுதே கரைஞ்சிடும்."

"தட்டுல இருக்கறதுதான் முதல்ல. எல்லாரும் பாக்கறாங்கன்னு வெக்கத்துலயே உருகிடும்."

"போத்திவிட்டா ஐஸ் தூங்கிடும். தூங்கறப்ப யாராவது உருகுவாங்களா?"

"ரெண்டுமே உருகாது. அதுக்குள்ள என் தம்பி எடுத்துத் தின்னுடுவான்."

எப்படி? இவ்வளவு தரமான தப்புகள் வேறெங்கும் கிடைக்காது. தராசு சாரை நிறுத்துப் பார்க்கச் சொல். தலைமையாசிரியை கைதட்டினால் அதில் பாதி எனக்கு.

தப்பு வியாபாரி

—

ஜூலை 22

படித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் வகுப்பு முழுக்கக் கேட்டேன் என்று எழுதியிருந்தாய். நம்பினேன். பிள்ளைகள் இப்படித்தான் வேடிக்கையாகப் பேசுவார்கள் என்று தராசு சாரிடம் உனக்காக வாதாடினேன். "நீங்க சொல்றீங்கன்னு விடறேன்மா" என்றார். நிறுக்காமல் அவர் விட்ட வாக்கியம் அது ஒன்றுதான்.

நேற்று உன் நான்கு விடைகளையும், சரியான விடையையும் சேர்த்துக் கொடுத்தோம். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு எல்லோரும் சரியான விடைக்கு டிக் அடித்தார்கள். அடிக்காமல் என்ன செய்வார்கள்? விடை மாதிரி இருந்தது அது ஒன்றுதான். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்தமாதிரி ஒரு கட்டுச் சீட்டு என் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன பாடம் நடத்துவது? சிரிப்புச் சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை எட்டிப் பார்த்து, "காமெடி ஷோவா நடக்குது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தராசு சார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "தப்பா நினைக்கிற பையனுக்கு அது சிரிப்பா இருக்காதும்மா. அவனுக்கு அது நியாயமாத்தான் தோணும். இந்த நாலுலயும் நியாயமே இல்ல. நாலும் ஒரே ஆள் எழுதினது" என்றார்.

கெஞ்சிக் கேட்டு, தலைமையாசிரியையின் வருகையை அடுத்த மாத முதல் வாரத்துக்குத் தள்ளியிருக்கிறோம். அவ்வளவுதான். நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம். நான் வேறு யாரையாவது கேட்டுக்கொள்கிறேன்.

—

ஜூலை 27

அக்கா,

அனுப்ப வேண்டாம் என்றாய். அனுப்புகிறேன். இதற்கும் சேர்த்துத் திட்டிக்கொள்.

நாலும் நான் எழுதியதுதான். ஒருவரையும் கேட்கவில்லை. மத்தியான இடைவேளையில் பெஞ்சில் உட்கார்ந்து, பசங்களைச் சிரிக்கவைத்துக்கொண்டே எழுதினேன். உனக்கு வகுப்பு நடக்கும் என்பது தெரியும். அந்த வகுப்பில் நீ நிற்பாய் என்பது தோன்றவில்லை.

இந்தத் தடவை நிஜமாகவே கேட்டேன். பழைய நோட்டுத் தாள்களைக் கிழித்துச் சீட்டாக்கி ஆளுக்கொன்று கொடுத்தேன். "மார்க் உண்டா?" என்றான் ஒருவன். இல்லை என்றேன். "அப்ப எதுக்கு?" என்றான். "எங்க அக்காவுக்கு" என்றேன். எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கே ஆச்சரியம்.

ஆனால் ஒரு சோகச் செய்தி. எங்கள் வகுப்பில் தப்பே இல்லை. படித்துப் படித்துப் பார்த்துவிட்டேன், அத்தனை பேரும் அறிவாளிகள். போர்வை சுற்றியதுதான் முதலில் உருகும் என்று டாண் டாணென்று எழுதியிருக்கிறார்கள். கம்பளி என்றால் சூடு. பெயரிலேயே 'அளி' இருக்கும்போது அது வெப்பம் அளிக்காமல் போகுமா? இந்தச் சரியான விடைகள் உனக்கு எதற்கு, தபாலுக்கு வீண் பாரம் என்று மேஜை இழுப்பறையில் தள்ளிவிட்டேன். பழைய பேப்பரோடு போகும்.

தேடித் தேடி ஒரே ஒரு தப்பு கிடைத்தது. எழுதியவன் வகுப்பில் யாருக்கும் கேட்காத குரலில் பேசுகிறவன், பட்டப்பெயர் முணுமுணு. "சுத்தி வெச்சது லேட்டாதான் உருகும். தண்ணியை எல்லாம் கம்பளி உறிஞ்சிக்கும், அதனால ஐஸ் ஐஸாவே இருக்கும்" என்று எழுதியிருக்கிறான். பாவம். அவனைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கிச் சொன்னேன். தலையாட்டினான்.

இந்த ஒன்றை வைத்து எப்படியாவது சமாளி. தராசு சாரிடம் என் மன்னிப்பைச் சொல். நிறுக்கட்டும்.

தம்பி

—

ஜூலை 31

டேய்,

பழைய பேப்பர்க்காரர் வந்துவிட்டாரா? வரவில்லையென்றால் அந்த இழுப்பறைமேல் ஏறி உட்கார்ந்துகொள்.

உன் கடிதத்தை இன்று ஆய்வகத்தில் வாசித்தேன். தப்பே இல்லை என்ற இடம் வந்ததும் உயிரியல் மிஸ் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. தராசு சார் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, "நாம தேடிட்டு இருந்ததெல்லாம் அந்த இழுப்பறையில இருக்கு. தம்பி அதைச் சரின்னு நினைச்சு ஒதுக்கிட்டார். அப்படியே அனுப்பச் சொல்லுங்க. ஒரு சீட்டுகூட எடுக்கவும் கூடாது, சேர்க்கவும் கூடாது" என்றார்.

முணுமுணுவின் விடையை மட்டும் மற்றவர்கள் குவியலில் சேர்க்க முடியாதாம். விடை சரி, காரணம் வேறு. அதற்குத் தனி இடம் என்றார். அந்தப் பையனிடம் நீ விளக்கியதைப் போய்த் திரும்பப் பெற்றுக்கொள்.

இதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். ஃப்ரிட்ஜ் வீட்டில்தான் இருக்கிறது. போர்வை பரண்மேல். தட்டுக்குப் பஞ்சமில்லை.

தலைமையாசிரியை வரும் வியாழன் வருகிறார். இதைக் கூரியரில் விடுகிறேன், நீயும் கூரியரிலேயே அனுப்பு. கோபம் இன்னும் போகவில்லை, அது தனிக் கணக்கு.

அக்கா

—

ஆகஸ்ட் 2

மாண்புமிகு அக்கா அவர்களுக்கு,

சீட்டுக் கட்டு இணைப்பில். நீ சொன்னபடி ஒன்றும் எடுக்கவில்லை, ஒன்றும் சேர்க்கவில்லை.

என் கடிதத்தைப் படித்து அங்கே எல்லோரும் ஏமாந்துவிட்டீர்கள் போலிருக்கிறது! நடமாடும் ஆய்வகத்துக்கு இது தெரியாதா? போர்வை சுற்றியது தாமதமாகத்தான் உருகும் என்பது எனக்கு எப்போதோ தெரியும். நீங்கள் கண்டுபிடிக்கிறீர்களா என்று சோதித்தேன். நீங்கள் பிள்ளைகளைச் சோதிக்கலாம், நான் உங்களைச் சோதிக்கக் கூடாதா? உன் பாடத்துக்கும் இதனால் நல்லதுதானே நடந்திருக்கிறது. நன்றியெல்லாம் வேண்டாம். வியாழனன்று சொதப்பாமல் பார்த்துக்கொள்.

ஃப்ரிட்ஜ் பக்கமே போகவில்லை. அவசியப்படவில்லை.

மதிப்பீட்டாளர்

—

ஆகஸ்ட் 8

அன்பு வாலு,

சொதப்பவில்லை.

புதன் மாலை மூன்று பேரும் உன் கட்டைப் பிரித்து உட்கார்ந்தோம். காவலாளி வந்து விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்கும்வரை பிரித்தோம். கம்பளிக்கே சூடு உண்டு என்பவர்கள் ஒரு குவியல். கம்பளி காற்றை மூடிவிடுவதால் புழுங்கும் என்பவர்கள் ஒரு குவியல். உறிஞ்சும் என்ற முணுமுணு தனி. இன்னொரு சீட்டைத் தராசு சார் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். அதில் இப்படி எழுதியிருந்தது: "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப அம்மா கம்பளி போத்திவிட்டாங்க. உள்ள அடுப்பு மாதிரி கொதிச்சுது, வேர்த்துக் கொட்டிச்சு. என்னையே உருக்கின போர்வை ஐஸை விட்டுவைக்குமா?"

"இதுல நியாயம் இருக்கு பாருங்க. உடம்பால அனுபவிச்சது. புத்தகத்தைக் காட்டி இதை அசைக்க முடியாது" என்றார் சார்.

வியாழனன்று அந்த நான்கையும் அப்படியே, ஓர் எழுத்து மாற்றாமல், கரும்பலகையில் எழுதினேன். தலைமையாசிரியை கடைசி பெஞ்சில். அவருக்கும் ஒரு சீட்டு கொடுத்தோம். வகுப்பு சிரிக்கவில்லைடா. படித்தார்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள். வெற்றுச் சீட்டு ஒன்றுகூட வரவில்லை. பாதிப் பேருக்கு மேல் காய்ச்சல் விடைக்குத்தான் டிக்.

மேஜையில் தட்டு ஒன்று, போர்வைப் பொட்டலம் ஒன்று. காத்திருக்கும் நேரத்தில், ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னேன். சந்தைக்கடைச் சத்தம். நடுவில் ஜன்னல் ஓரத்துப் பெண் எழுந்து நின்றாள். சீட்டை நான்காக மடித்துக் கொடுப்பாளே, அவள்தான். கையைக்கூட உயர்த்தவில்லை. "மிஸ், காய்ச்சல்ல கொதிச்சது போர்வையா, அந்தப் பையனா?" என்றாள். யாரோ, "ரெண்டும்தான்" என்றார்கள். "இல்ல. ஐஸுக்குக் காய்ச்சல் வராதே. அப்ப உள்ள சூடு யார் குடுப்பாங்க?" என்றாள்.

அதற்குப் பிறகு நான் பேச வேண்டியிருக்கவில்லை. போர்வைக்கென்று சூடு கிடையாது, உள்ளே இருப்பதை உள்ளேயும் வெளியே இருப்பதை வெளியேயும் நிறுத்துகிறது, அவ்வளவுதான் என்று அவர்களே சண்டை போட்டு வந்து சேர்ந்தார்கள். பொட்டலத்தைப் பிரித்தபோது தட்டில் தண்ணீர் மட்டும்; போர்வைக்குள் கட்டி நன்றாகவே இருந்தது. இரண்டு பேர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நல்லது, வெள்ளிக்கிழமைக்கு வேலை இருக்கிறது.

வெள்ளிக்கிழமை இருக்கிறதுடா! தலைமையாசிரியை போகும்போது சொல்லிவிட்டார். தன் சீட்டை மட்டும் கொடுக்கவில்லை. மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

தராசு சாருக்கு ஓர் ஆசை. அந்தக் காய்ச்சல் சீட்டை எழுதிய பிள்ளைக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். பெயர் இல்லை. யாரென்று உனக்குத் தெரியுமா? நீதான் எல்லாம் தெரிந்தவனாயிற்றே.

உன் அக்கா

—

ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை பிழைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். இதை முதலில் எழுதிவிடுகிறேன், கீழே போகப் போக எனக்கு எழுத வராது.

என் ஆகஸ்ட் 2 கடிதத்தில் முகவரி உண்மை. சீட்டை எடுக்கவில்லை என்றதும் உண்மை. மற்றபடி, நான் யாரையும் சோதிக்கவில்லை. உன் கடிதம் வந்த அன்றே ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டேன். ஒரு கட்டி தட்டில், ஒரு கட்டி போர்வையில். அம்மாவின் சீரியல் முடிந்ததும் பிரித்தேன். தட்டில் குளம். போர்வைக்குள் கட்டி கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தது. மின்விசிறிக் காற்று தட்டில் பட்டுவிட்டது என்று முடிவுசெய்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி வைத்தேன். அதேதான். போர்வை பழசு, சூடெல்லாம் போயிருக்கும் என்று எதிர்வீட்டில் புதுப் போர்வை வாங்கி வந்தேன். அது இன்னும் மோசம், கட்டி கரையவே மாட்டேன் என்றது. கடைசியில் வெறும் போர்வைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சூடானது. அது என் கை.

இதற்கிடையில் கொடியில் ஈரப் போர்வை காய்வதை அம்மா பார்த்துவிட்டாள். "இந்த வயசுலயாடா?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் விளக்குவதற்குள் அப்பாவின் காதுக்குப் போய்விட்டது. அவர் அன்று முழுக்க என்னிடம் பயங்கர அன்பாகப் பேசினார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

முணுமுணுவிடம் போய், நீ சொன்ன விடைதான் சரி, காரணத்தை மட்டும் நாம் சேர்ந்து பார்க்கணும் என்றேன். "எனக்கும் அப்படித்தான் பட்டுது. நீ சத்தமா சொன்னியேன்னு தலையாட்டினேன்" என்றான். இந்த ஞாயிறு வீட்டுக்கு வருகிறான். கம்பளிக்குள் பிளாஸ்டிக் பை சுற்றி, தண்ணீரை உறிஞ்ச விடாமல் வைத்துப் பார்க்கலாமாம். அவன் யோசனை.

சரி. காய்ச்சல் சீட்டு.

யார் எழுதியது என்று கேட்டிருக்கிறாய். எங்கள் வகுப்பில் ஓர் அறியப்படாத மேதை என்று எழுதி, அடித்துவிட்டேன். பசங்களுக்கு எப்படி எழுத வேண்டும் என்று காட்ட, முதலில் ஒரு சீட்டு எழுதி உயர்த்திப் பிடித்தேன். பார்த்துக்கோங்கடா, சரியான விடை இப்படித்தான் இருக்கும் என்றேன். ஐஸ் கரையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு, கட்டிலிருந்து அதை உருவிவிடத்தான் நினைத்தேன். உருவி சட்டைப்பையில்கூட வைத்துவிட்டேன். ஒரு சீட்டுகூட எடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தாயே, திரும்ப வைத்துவிட்டேன்.

அது என்னுடையது அக்கா. தராசு சாரிடம் சொல்வதானால் இதையும் சேர்த்துச் சொல். சிரிப்புக்காக எழுதவில்லை. நம்பித்தான் எழுதினேன்.

தம்பி